பாய்ப்படகு வாடகைக்கு எடுக்கும் முன் அட்டையை வாசியுங்கள்

நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து வந்த மருமகன், வல்வெட்டித்துறை வீட்டு விறாந்தையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு சொன்னான்: "வாற வருசம் குரோஷியா, மாமா. பாய்ப்படகு ஒண்டு ஒரு கிழமைக்குப் புக் பண்ணிட்டன். ஐசிசியும் எடுத்தாச்சு."

ஐசிசி என்பது படகு ஓட்டும் தகுதிச் சான்று. அட்டையைக் காட்டச் சொன்னேன். வங்கி அட்டை அளவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். மோட்டார் படகு, 10 மீற்றர் வரை என்று இருந்தது. பாய் பற்றி ஒரு சொல் இல்லை.

பதினொரு வருடத்துக்கு முன் நான் கொண்டுபோன அட்டையும் அச்சொட்டாக இதேதான். அதனால்தான் இதை எழுதுகிறேன். கடவுச்சீட்டுக் காலாவதி, கடல் வருத்தத்துக்கு மாத்திரை போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை உங்களுக்குத் தெரியும்.

மோட்டார் அட்டையோடு பாய்ப்படகு எடுக்கப் போவது

ஐசிசி என்பது பொழுதுபோக்குப் படகு ஓட்டுபவருக்கான சர்வதேசத் தகுதிச் சான்று. ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் 40ஆம் தீர்மானத்திலிருந்து வந்தது. பிரித்தானியாவில் றோயல் யொட்டிங் அசோசியேஷன் அதைக் கொடுக்கிறது. கார் லைசென்ஸில் எந்த வகை வாகனம் என்று பிரித்துப் போட்டிருப்பதுபோல இதிலும் உண்டு: மோட்டாரா பாயா, மோட்டார் என்றால் 10 மீற்றருக்குள்ளா அதற்கு மேலா, கரையோரக் கடலா உள்நாட்டு நீர்வழியா. எதில் சோதனை கொடுத்தீர்களோ அது மட்டும்தான் அட்டையில் வரும்.

நான் ஒரே நாளில், சின்ன மோட்டார் படகு ஒன்றில் சோதனை கொடுத்து எடுத்தேன். மலிவு, சுலபம். பிறகு குரோஷியாவின் ஸ்பிளிற் பக்கம் 12 மீற்றர் பாய்ப்படகு ஒன்றை ஒரு கிழமைக்கு எடுத்தேன். முற்பணம் கட்டும்போது இடைத்தரகர் அட்டையை ஸ்கான் பண்ணி அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். "ஓகே" என்று பதில் வந்தது. அந்த ஓகேயை நம்பி ஆறு பேருக்கு விமான டிக்கெற் எடுத்தேன்.

அங்கே வாடகைக் கிழமை சனிக்குச் சனி. சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணி, மரீனா எனும் படகுத்துறையின் கந்தோர். வெளியே வெயிலில் சூட்கேசுகள், பிள்ளைகள், பதினெட்டுப் போத்தல் தண்ணீர். மேசையில் இருந்த பெண்பிள்ளை அட்டையை வாங்கினாள், பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "இது மோட்டாருக்கு" என்றாள்.

பாய்ப்படகிலும் எஞ்சின் இருக்கிறதே, பாயை விரிக்காமலே ஓடுகிறேன் என்றேன். சிரிக்கக்கூட இல்லை. எஞ்சினில் ஓடினாலும் அது பதிவில் பாய்ப்படகுதான். அடுத்ததாக, நான் வல்வெட்டித்துறைக்காரன் என்றேன். எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி பாயிலேயே ஓடி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைப் பிடித்த கதையையும் எடுத்துவிட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். செல்லுபடியான தகுதிச் சான்று இல்லாவிட்டால் படகைக் கையளிக்க மறுக்கலாம், அல்லது வாடகைக்காரர் செலவில் ஸ்கிப்பர், அதாவது சான்றுள்ள படகோட்டி ஒருவரை ஏற்றலாம். கீழே என் கையெழுத்து.

எனக்கு இன்னும் எரிச்சல் அந்த "ஓகே"யில்தான். இடைத்தரகர் பார்த்தது ஸ்கான் வந்து சேர்ந்ததா என்பதை மட்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது அவர் பொறுப்பு இல்லை என்று அதே ஒப்பந்தத்தில் இருந்தது. சரி, வாசிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்.

ஸ்கிப்பர் ஒருவர் ஒரு மணித்தியாலத்தில் வந்தார். நாளுக்கு 160 யூரோ, ஏழு நாளைக்கு 1,120. சாப்பாடு எங்கள் பொறுப்பு. படுக்கத் தனி அறையும் கொடுக்க வேண்டும். படகில் இருந்தது மூன்றே அறை. ஆகவே என் மச்சான், மனைவியின் அண்ணா, அறையை விட்டுக்கொடுத்து நடுக்கூடத்து மேசைக்குப் பக்கத்து வாங்கில் ஏழு இரவும் படுத்தார். ஆள் ஆறடி. வாங்கு ஐந்தே முக்கால். இன்றைக்கும் கலியாண வீடுகளில் கதிரை குறைந்தால், "எனக்கு வாங்கு காணும், பழகிப்போச்சு" என்பார், என்னைப் பார்த்துக்கொண்டு.

ஸ்கிப்பர் கிடைத்ததும் அதிர்ஷ்டம்தான். ஓகஸ்ட் மாதத்தில் ஆள் கிடைக்காமல் படகு கரையிலேயே கட்டிக்கிடக்க, கட்டின காசும் போன குடும்பம் ஒன்றைத் தெரியும். கந்தோரில் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் இன்னும் மோசம். பொருத்தமில்லாத அட்டையோடு போய்ப் பாறையில் ஏற்றினால் காப்புறுதிக்காரர் கையை விரிக்க அதுவே காரணம் ஆகிவிடும்.

எனவே முற்பணம் கட்டும் முன் படகின் விபரத்தாளை ஒரு பக்கமும் அட்டையை மறுபக்கமும் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். குரோஷியா தான் ஏற்கும் சான்றுகளின் பட்டியலையே வெளியிடுகிறது. உங்களுடையது அதில் இருக்கிறதா, என்ன வரையறையோடு இருக்கிறது என்று பாருங்கள். ஒரு நாட்டில் சரிவந்தது இன்னொரு நாட்டில் சரிவரும் என்றில்லை. பிரிட்டிஷ் வேர்ஜின் தீவுகளில் பெரும்பாலும் அட்டையே கேட்பதில்லை, இதுவரை எந்தப் படகு, எத்தனை நாள் ஓட்டினீர்கள் என்ற பட்டியலைத்தான் கேட்பார்கள்.

கனடா அட்டை

ரொறன்ரோ உறவினர்கள் இதில் விழுகிறார்கள். அங்கே மோட்டார் பூட்டிய படகு ஓட்ட ஓர் அட்டை உண்டு. வீட்டில் இருந்தபடி ஒன்லைனில் சோதனை எழுதி எடுக்கலாம். அந்த நாட்டு ஏரிகளுக்கு அது காணும். குரோஷியாப் பக்கத்து அட்ரியாட்டிக் கடலில் பாய்ப்படகு எடுக்க அது உதவாது. லண்டன் மச்சான் எடுத்ததுபோல நானும் ஐசிசி எடுக்கிறேன் என்று கிளம்பவும் வேண்டாம். குடியுரிமையையும் வதிவிடத்தையும் பார்த்துத்தான் அதைக் கொடுப்பார்கள். முதலில் விசாரியுங்கள்.

பிரான்ஸ் கால்வாய்

பரிஸ்காரர்கள் சொல்வார்கள்: "நாங்கள் லைசென்ஸ் இல்லாமலே ஒரு கிழமை படகில் போனோம்." உண்மைதான். கால்வாய் வாடகைப் படகுக்கு, புறப்படும் இடத்திலேயே சொல்லிக்காட்டித் தற்காலிக அட்டை கொடுப்பார்கள். அது கால்வாய். கடல் வேறு.

தியரிச் சான்றிதழ்

வகுப்பில் உட்கார்ந்து படித்து வாங்கியது. அதை மட்டும் காட்டிப் படகு எடுக்க முடியாது.

வானொலி

குரோஷியாவில் படகில் ஒருவரிடமாவது விஎச்எஃப் வானொலிச் சான்று, அதாவது கரையோடும் மற்றப் படகுகளோடும் பேசும் வானொலியைப் பாவிக்கும் சான்று, இருக்க வேண்டும். ஐசிசியில் அது அடங்காது. தனிச் சோதனை. இதைக் கடைசிக் கிழமையில் கண்டுபிடித்தவர்கள் ஏராளம். கேட்பார்கள் என்பதற்காக மட்டுமில்லை, பூரா என்று அங்கே ஒரு காற்று மலையிலிருந்து திடீரென இறங்கும். எங்கள் வாடைக்குப் பழகினவர்களையும் கலக்கும். அவசர அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையில் என்ன சொல்வது என்று அப்போது யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

கிரேக்கத்தில் இரண்டாவது ஆள்

ஸ்கிப்பரைத் தவிர, படகு தெரிந்த இன்னொருவரும் வேண்டும். அவரிடம் சான்று இல்லாவிட்டால் அனுபவம் உண்டு என்று கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். கயிறு பிடிக்கவே தெரியாத மனைவியைக் கொண்டு கையெழுத்து வைப்பிக்காதீர்கள்.

பெயர்

இது எங்கள் ஆட்களுக்கே உரிய தலையிடி. கடவுச்சீட்டில் அப்பா பெயர் முழுதாக, அட்டையில் முதலெழுத்து மட்டும். அல்லது சுவிஸில் ஒரு எழுத்துக்கூட்டல், இலங்கைப் பத்திரத்தில் வேறொன்று. பயணிகள் பட்டியலைக் கடவுச்சீட்டைப் பார்த்துத்தான் போடுவார்கள். சான்றுக்கு விண்ணப்பிக்கும்போதே கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதுங்கள்.

இரவல் அட்டை

அண்ணாவின் அட்டையில் படகை எடுத்து, அண்ணாவைக் கரையில் விட்டுவிட்டுப் போவது. வேண்டாம். அட்டைக்காரர் படகில் இருந்தால், அவர் பார்வையில் மற்றவர்கள் சுக்கான் பிடிக்கலாம். தண்டையல், அதாவது படகுக்குப் பொறுப்பாளர், அவர்தான்.

போனில் படம்

மூல அட்டையைக் கொண்டுபோங்கள்.

காலாவதி

பிரித்தானிய ஐசிசி ஐந்து வருடம். திகதியைப் பாருங்கள்.

மருமகன் மாசி விடுமுறையில் ஐந்து நாள் பாய்ப்படகுச் செய்முறைப் பயிற்சிக்குப் பதிந்துவிட்டான். அதில் தேறினால் புதுச் சோதனை இல்லாமலே பாய்க்கும் சேர்த்து அட்டை எடுக்கலாம். சரிவராவிட்டால் இப்போதே ஸ்கிப்பரை ஒழுங்குபண்ணி, அவருக்கும் அறை உள்ள படகாக மாற்றச் சொல்லியிருக்கிறேன். மச்சானும் இந்தப் பயணத்துக்கு வருகிறார். டிக்கெற் எடுக்க முதல் அட்டையின் இரண்டு பக்கத்தையும் வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லிவிட்டார், மருமகனுக்கு நேரடியாக, என்னைக் கேட்காமல்.