ஓர் ஓடு மாற்றப் போனால்…

திருகோணமலையில், கடற்கரையோரப் பழைய வீடு எங்களுடையது. ஓர் ஓடு உடைந்திருந்தது. அரை நாள் வேலைதானே என்று மேசனைக் கூப்பிட்டேன். ஓட்டைத் தூக்கியதும் அடியில் அதைத் தாங்கியிருந்த மெல்லிய மரச் சட்டமான சலாகை அவர் கையோடு பொடியாக வந்தது. அதற்கடியில், சலாகைகளைத் தாங்கும் சாய்வு மரமான கைமரம் உளுத்திருந்தது. அது குந்தும் சுவர்த்தலையில் கறையான் புற்று. “தங்கச்சி, இனி இது நிற்காது” என்றார். மூன்றாம் நாள் மரவேலைக்கு ஓடாவி வந்தார். மாத முடிவில் பாதிக் கூரையைக் காணவில்லை, வங்கிப் புத்தகத்தையும் பார்க்க மனமில்லை.

இப்போது கூலி பேசுமுன் ஸ்குரூட்ரைவரோடு ஏணியில் ஏறிவிடுகிறேன். கைமரத்தில் முதலில் கெடுவது சுவரில் குந்தும் முனைதான். அதைக் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்க்கும், உளுத்தது வழிவிடும். சுவரைத் தட்டுங்கள், பூச்சுக் கழன்ற இடம் வெறும் டப்பாபோல ஒலிக்கும்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்குச் சீமெந்து பூசச் சொல்வார்கள். இணங்காதீர்கள். ஈரம் வெளியேற வழியின்றிச் சுவருக்குள் தங்கி, நாளடைவில் பூச்சைத் தள்ளிவிடும். சுண்ணாம்பையே பூசுங்கள். ஆணி வாங்கினால் நாகம் (துத்தநாகம்) பூசியது. உப்புக் காற்றில் வெற்றிரும்பு தாங்காது.

கூரைதான் முதல் வேலை, பெயின்ட் கடைசி. ஒக்டோபரில் மாரி தொடங்குமுன் ஓடு மூடியிருக்க வேண்டும். நாங்கள் நவம்பரில் வாளி வைத்தோம், ஏழு வாளி.