மொட்டை மாடியில் மூன்று பேண்ட் செங்குத்து ஆன்டெனா: முதல்முறை கட்டுபவர்களுக்கு

ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்கான உரிமம் வந்தாகிவிட்டது. வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி கையில் இருக்கிறது. யாரோ ஒரு மூத்த ஹாம் கொடுத்த பழைய ரிக்கும், அதாவது வானொலிக் கருவியும், மேசை மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கப்புறம் புதியவர்கள் எல்லாரும் வந்து நிற்கும் இடம் மொட்டை மாடிதான். இங்கே என்ன கட்டுவது?

டைபோல் (நடுவில் கேபிள் இணைத்து இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டும் வயர்) கட்டலாம். ஆனால் 20 மீட்டர் பேண்டுக்கே (பேண்ட் என்றால் அலைவரிசைப் பகுதி) 10 மீட்டர் நீளம் வரும், அதைத் தூக்கி நிறுத்த இரண்டு பக்கமும் உயரமான பிடிமானம் வேண்டும். செங்குத்து ஆன்டெனாவுக்கு ஒரே கம்பம் போதும். 14, 21, 28 மெகாஹெர்ட்ஸ், அதாவது 20, 15, 10 மீட்டர் பேண்டுகள் மூன்றிலும் ஒரே கேபிளில் வேலை செய்யும் ஆன்டெனாவைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பேண்டுகளைப் பிரிக்கும் டிராப் காயில் சுற்ற வேண்டாம், பொருத்தம் சரிசெய்யும் ட்யூனரும் வேண்டாம். எலக்ட்ரிகல் கடையிலும் பிளம்பிங் கடையிலும் கிடைக்கும் சாமான்களே போதும்.

எப்படி வேலை செய்கிறது

அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள வயரை நேராக நிறுத்தி, அதன் அடியில் சில வயர்களைப் பக்கவாட்டில் விரித்துவிட்டால், நடுவில் கேபிள் இணைக்கும் இடத்தில் சுமார் 36 ஓம் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு உள்ள தடை) கிடைக்கும். நம் கேபிள் 50 ஓம். இரண்டும் ஓரளவு ஒத்துப்போகும். பக்கவாட்டில் விரிக்கும் வயர்களுக்கு ரேடியல் என்று பெயர்.

மூன்று பேண்டுக்கு மூன்று நீள வயர்களை ஒரே புள்ளியில் சேர்த்துக் கட்டிவிடுகிறோம். 28 மெகாஹெர்ட்ஸில் பேசும்போது 2.5 மீட்டர் வயர் சுலபமாக மின்னோட்டத்தை வாங்கிக்கொள்ளும். அதே அலைவரிசையில் 5 மீட்டர் வயர் அரை அலை நீளமாகிவிடுவதால் அதன் அடியில் இம்பீடன்ஸ் எக்கச்சக்கமாக ஏறிவிடும். தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடுகிற மாதிரி, மின்னோட்டம் தனக்குத் தோதான வயரைத் தானே தேடிக்கொள்ளும். நாம் சுவிட்ச் எதுவும் போட வேண்டியதில்லை.

நீளத்துக்குக் கணக்கு சுலபம்: 71.3 ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலையின் நீளம் மீட்டரில் வரும். 14.15 க்கு 5.04 மீட்டர், 21.2 க்கு 3.36, 28.4 க்கு 2.51. இது தொடக்கக் கணக்குதான். வயரின் மேல் உள்ள பிளாஸ்டிக் உறை நீளத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லும், பக்கத்தில் நிற்கும் மற்ற வயர்கள் கூட்டச் சொல்லும். அதனால் வெட்டும்போது 5.25, 3.55, 2.70 மீட்டர் என்று தாராளமாக வெட்டுங்கள்.

வாங்க வேண்டியவை

ஒன்றரை இஞ்ச் பி.வி.சி. பைப் 20 அடி நீளத்தில் ஒன்று. இரண்டு இஞ்ச் பைப் ஒரு மீட்டர். வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். கடையில் 90 மீட்டர் கட்டாகத்தான் தருவார்கள், நமக்கு 35 மீட்டருக்குள் முடிந்துவிடும். ஆர்.ஜி. 58 கோஆக்ஸ் கேபிள், மாடியிலிருந்து ரிக் வரைக்கும் எவ்வளவோ அவ்வளவு, அதோடு இரண்டரை மீட்டர் கூடுதலாக. டி.வி. கேபிளை வைத்துச் சமாளிக்கலாமா என்று பலரும் கேட்பார்கள். அது 75 ஓம், போதாததற்கு அதன் வெளிப் பின்னல் பெரும்பாலும் அலுமினியம், சோல்டர் ஒட்டவே ஒட்டாது. விட்டுவிடுங்கள்.

இவற்றோடு ஒரு சிறிய பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ், கேபிளைச் செருக எஸ்.ஓ. 239 சாக்கெட், எவர்சில்வர் போல்ட்டும் நட்டும், எலக்ட்ரிகல் கன்ட்யூட் பைப் ஒன்று, கேபிள் டை, நைலான் கயிறு, எம்-சீல். கம்பம் நிறுத்த 20 லிட்டர் காலி பெயிண்ட் வாளி. ஆன்டெனாவை அளக்க நானோ வி.என்.ஏ. என்ற சிறு கருவி; சொந்தமாக இல்லையென்றால் உள்ளூர் ஹாம் யாரிடமாவது ஒரு மாலைக்கு இரவல் கேளுங்கள். பெரும்பாலும் கருவியோடு அவரும் வந்துவிடுவார்.

கம்பம்

முதலில் இடம். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இ.பி. லைன் மேல் விழக் கூடாது. வீட்டை ஒட்டி லைன் போகிறது என்றால் அந்தப் பக்கமே வேண்டாம். இந்த விஷயத்தில் "பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெயிண்ட் வாளியின் நடுவில் இரண்டு இஞ்ச் பைப் துண்டை நேராக நிறுத்திச் சுற்றிலும் கான்கிரீட் போட்டு நிரப்புங்கள். காய்ந்த பிறகு ஐம்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். மாடிக்குக் கொண்டுபோய் அங்கேயே போடுங்கள். நான் கீழே போட்டுவிட்டு, தூக்க ஆள் தேடி இரண்டு நாள் அலைந்தேன்.

வாளியில் நிற்கும் பைப்புக்குள் ஒன்றரை இஞ்ச் பைப்பைச் செருகுங்கள். ஆடினால் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி இறுக்கிக்கொள்ளலாம். சித்திரை வெயிலில் பி.வி.சி. வில் மாதிரி வளையும். ஆகவே மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் நைலான் கயிறு கட்டி மூன்று திசையில் இழுத்துக் கட்டிவிட வேண்டும். இரும்புக் கம்பி வேண்டாம், அதுவும் ஆன்டெனாவோடு சேர்ந்து கூத்தடிக்கும்.

வயர்களைக் கட்டுவது

தரையிலிருந்து சுமார் 70 செ.மீ. உயரத்தில் ஜங்ஷன் பாக்ஸைக் கம்பத்தில் கட்டுங்கள். எஸ்.ஓ. 239 சாக்கெட்டைப் பாக்ஸின் அடிப்பக்கம் பொருத்த வேண்டும். மேற்பக்கம் பொருத்தினால் மழைநீர் நேராக உள்ளே இறங்கும். அடியில் சின்னதாக ஒரு துளையும் போட்டுவையுங்கள். பாக்ஸுக்குள் இரண்டு போல்ட்: சாக்கெட்டின் நடு முனை ஒன்றுக்கு, வெளிக் கூடு இன்னொன்றுக்கு. நடு முனை போல்ட்டில் செங்குத்து வயர்கள் மூன்றும் சேரும், மற்றதில் ரேடியல்கள் எல்லாம் சேரும்.

5.25 மீட்டர் வயர் கம்பத்தை ஒட்டியே மேலே போகும். மற்ற இரண்டும் அதிலிருந்து விலகி நிற்க வேண்டும். கன்ட்யூட் பைப்பை 30 செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஒரு மீட்டருக்கு ஒன்றாகக் கம்பத்தின் குறுக்கே சிலுவை மாதிரி கேபிள் டையால் இறுக்குங்கள். ஒரு கைமுனையில் 15 மீட்டர் பேண்ட் வயர், எதிர் முனையில் 10 மீட்டர் பேண்ட் வயர். வயர் முடிகிற இடத்திலிருந்து நைலான் கயிறு கட்டி அடுத்த குறுக்குத் துண்டில் முடிச்சுப் போடுங்கள். வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போனால் ட்யூன் செய்யும்போது பாடாய்ப் படுத்தும்.

ரேடியல்: இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள்

நான் கட்டிய முதல் செங்குத்து ஆன்டெனாவில், கைக்குக் கிடைத்த நீளத்தில் இரண்டு வயரைக் கான்கிரீட் தரையில் வீசிவிட்டு அளந்தேன். 20 மீட்டர் பேண்டில் எஸ்.டபிள்யூ.ஆர். (கேபிளும் ஆன்டெனாவும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு, 1.0 தான் கச்சிதம்) 1.1. கை தட்டாத குறை. ஒரு வாரம் கூப்பிட்டேன், பதில் வந்தது சொற்பம். பிறகு ரேடியல்களைச் சரியான நீளத்தில் வெட்டித் தரையிலிருந்து தூக்கிக் கட்டினேன். எஸ்.டபிள்யூ.ஆர். 1.4 க்கு ஏறியது. பதில்களும் ஏறின.

காரணம் இதுதான். நல்ல ரேடியல் இருந்தால் ஆன்டெனா 36 ஓம் காட்டும் என்றேன். 50 ஐ 36 ஆல் வகுத்தால் 1.4. ரேடியல் மோசமாக இருந்தால் தரையில் வீணாகும் மின்சாரமும் ஒரு தடையாகச் சேர்ந்துகொள்ளும். 36 ஓடு 14 ஓம் வீண் தடை சேர்ந்தால் கச்சிதமாக 50! மீட்டர் சிரிக்கும், மாடித் தரை சூடாகும். டம்மி லோடு, அதாவது சக்தியை வெறும் சூடாக்கும் சோதனைத் தடை, கூடத்தான் 1.0 காட்டுகிறது. அதை வைத்துக்கொண்டு யாரோடு பேச முடியும்?

ஆகவே இந்தப் பகுதியில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒவ்வொரு பேண்டுக்கும் இரண்டு ரேடியல், எதிரெதிர்த் திசையில்: 5.0 மீட்டரில் இரண்டு, 3.4 இல் இரண்டு, 2.5 இல் இரண்டு. பாக்ஸிலிருந்து கைப்பிடிச் சுவரை நோக்கி இழுத்து, முனையில் நைலான் கயிறு சேர்த்துக் கட்டுங்கள். தரையில் கிடக்கக் கூடாது, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிகளிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. மாடியில் ஐந்து மீட்டர் நேராகப் போக இடமில்லையா? சுவரை ஒட்டித் திருப்பிக்கொள்ளுங்கள், பெரிய குற்றமில்லை.

ஒரு எச்சரிக்கை. ரேடியல் முனைகளிலும் செங்குத்து வயர் முனைகளிலும் ஒலிபரப்பும்போது மின்னழுத்தம் அதிகம். தொட்டால் சுடும். எங்கள் வீட்டில் இடுப்பு உயரத்தில் புதிதாக ஒரு கொடி கட்டியிருப்பதாக நினைத்து அம்மா ஈரத்துண்டைக் காயப்போட்டுவிட்டார். ரிக் அணைந்திருந்ததால் தப்பித்தோம். வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவையுங்கள், குழந்தைகள் விளையாடும் மாடி என்றால் அந்த மூலையைக் கயிறு கட்டித் தடுத்துவிடுங்கள்.

சோக்

கேபிளின் வெளிப் பின்னலும் ஒரு ரேடியல் மாதிரி நடந்துகொள்ளப் பார்க்கும். வீட்டுக்குள் மைக்கைத் தொட்டால் உதடு சுரீர் என்பதும் பக்கத்து அறை ஸ்பீக்கரில் நம் குரல் வருவதும் இதனால்தான். பாக்ஸுக்கு நேர் கீழே கேபிளை நான்கு இஞ்ச் பி.வி.சி. பைப் துண்டின் மேல் ஏழு சுற்று, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகச் சுற்றிக் கட்டிவிடுங்கள். பின்னலில் வரும் மின்னோட்டத்தைத் தடுக்கும் இந்தச் சுருள்தான் சோக். கூடுதலாக வாங்கிய இரண்டரை மீட்டர் இதற்குத்தான்.

ட்யூன் செய்வது

நானோ வி.என்.ஏ.வை முதலில் கேலிப்ரேட் செய்துகொள்ளுங்கள். 20 மீட்டரில் தொடங்க வேண்டும், அதாவது நீளமான வயரில். நான் ஆசைப்பட்டு 10 மீட்டரில் தொடங்கினேன். அதைக் கச்சிதமாக வெட்டி முடித்துவிட்டு 20 மீட்டர் வயரைக் குறைத்தால், 10 மீட்டரில் பிடித்த இடம் நகர்ந்துவிட்டது. வெட்டிய வயரை ஒட்டவா முடியும்?

திரையில் எஸ்.டபிள்யூ.ஆர். கோடு ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். பள்ளத்தின் அடி 13.60 இல் இருக்கிறது, நமக்கு 14.15 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இந்த பேண்டில் ஒரு செ.மீ. குறைத்தால் சுமார் 28 கிலோஹெர்ட்ஸ் மேலே போகும். 550 ஐ 28 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 20 செ.மீ. உடனே கத்தரியை எடுக்காதீர்கள். முனையை 10 செ.மீ. மடித்துத் தன்மேலேயே இறுக்க முறுக்கி அளந்து பாருங்கள். பிறகு மீதியை. இடம் பிடிபட்டதும், மடிப்பை அப்படியே டேப் சுற்றி விட்டுவிடலாம். அளக்கும்போது கம்பத்தை விட்டுத் தள்ளி நில்லுங்கள், நம் உடம்பும் பள்ளத்தை நகர்த்தும்.

21 இல் ஒரு செ.மீ.க்கு 60 கிலோஹெர்ட்ஸ் சொச்சம், 28 இல் 110 சொச்சம். மேலே போகப் போக ஒரு விரல்கடைக்கே வித்தியாசம் தெரியும். மூன்றும் முடிந்த பிறகு மறுபடி 20 மீட்டரிலிருந்து ஒரு சுற்று சரிபாருங்கள். 1.5 க்குள் இருந்தால் போதும், 1.0 க்காக மெனக்கெட வேண்டாம்.

மழையும் இடியும்

இணைப்புகளை எம்-சீல் வைத்து மூடுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். பாக்ஸை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. எறும்புக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் கறுத்தால் கேபிளை ரிக்கிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு கேபிளைத் தொடவே தொடாதீர்கள்.

எவ்வளவு தூரம் போகிறது?

கேட்டுப் பார்க்க 14.100, 21.150, 28.200 மெகாஹெர்ட்ஸ் இருக்கின்றன. அவற்றில் உலகம் முழுக்க 18 பீக்கன் நிலையங்கள், அதாவது சோதனைக்கென்றே ஒலிக்கும் நிலையங்கள், பத்து பத்து வினாடியாக முறைவைத்து ஒலிக்கின்றன, மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். அவ்வப்போது ஒன்றிரண்டு பழுதாகியும் கிடக்கும். அழைப்புக்குறியும் முதல் நீட்டொலியும் 100 வாட்டில் வரும். அடுத்தடுத்த மூன்று நீட்டொலிகளும் 10, 1, 0.1 வாட்டாக இறங்கும். இலங்கையின் 4எஸ்7பி அதில் ஒன்று. அருகில்தானே என்று அதைத் தேடினால் சில நாள் கேட்காது, ஹாங்காங் கேட்கும். அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை பக்கத்து ஊரைத் தாண்டிப் போய் விழுவதால் அப்படி.

ஆனால் கேட்பதை மட்டும் வைத்து ஆன்டெனாவை எடைபோடாதீர்கள். வீணாகும் ஆன்டெனா சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்துக் குறைப்பதால், காதுக்கு வித்தியாசம் தெரியாது. அனுப்பித்தான் பார்க்க வேண்டும். அதற்கு, மிகக் குறைந்த சக்தியில் அனுப்பிப் பார்க்கும் விஸ்பர் (WSPR) முறை இருக்கிறது. இயற்பியலுக்காக 1993 இல் நோபல் பரிசு வாங்கிய ஜோ டெய்லர் என்ற ஹாம் எழுதியது. கால் வாட்டுக்கும் குறைவாக இரண்டு நிமிடம் அனுப்பினால், எங்கெங்கே எத்தனை டெசிபெலில் விழுந்தது என்று இணையத்தில் வந்துவிடும். ரேடியலைத் தூக்கிக் கட்டும் முன் இரண்டு நாள், கட்டிய பின் இரண்டு நாள், தினமும் ஒரே நேரத்தில் அனுப்பி ஒப்பிட்டுப் பாருங்கள்.

40 மீட்டர் பேண்டும் வேண்டும் என்பவர்கள், 10 மீட்டர் நீளமுள்ள வயரைக் கம்பத்தின் உச்சிவரை ஏற்றி மீதியைக் கிடையாக எதிர் மூலைக்கு இழுத்துக் கட்டலாம். அதற்கும் 10 மீட்டர் நீளத்தில் இரண்டு ரேடியல் வேண்டும். 7.1 இன் மூன்று மடங்கு 21.3 என்பதால் அந்த வயர் 15 மீட்டர் பேண்டிலும் மூக்கை நுழைக்கும். அதைக் கட்டினால் 15 மீட்டர் பேண்டின் செங்குத்து வயரைக் கழற்றிவிடுவது உத்தமம். ஒன்று மட்டும், காலையில் 40 மீட்டரில் கூடும் தமிழ்நாட்டு நெட்டில் (ஹாம்கள் குறித்த நேரத்தில் கூடிப் பேசுவது) நாலு பேரோடு பேசத்தான் ஆன்டெனா என்றால், இவ்வளவும் செய்ய வேண்டாம். தாழ்வாக ஒரு டைபோல் கட்டிக்கொள்ளுங்கள்.