சிவப்பு முனை டங்ஸ்டன்: டிக் வெல்டிங் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டியவை

போன வாரம் பட்டறைக்குப் புதிதாக வந்த பையன், டிக் வெல்டிங்கில் மின்பொறி தரும் டங்ஸ்டன் கம்பியைக் கூர் தீட்டி முடித்ததும் ஏர் கன்னை எடுத்து கிரைண்டர் மேடையில் காற்றடித்தான். ஜன்னல் வெயிலில் தூசி எழுந்து அப்படியே நின்றது. பழகிய காலத்தில் நானும் இதையேதான் செய்தேன். கண்ணாடி, கையுறை பற்றி எல்லாரும் சொல்லிவிடுவார்கள். இதை யாரும் சொல்வதில்லை.

காற்றடித்துச் சுத்தம் செய்வது

முனையில் சிவப்பு நிறம் பூசிய டங்ஸ்டன் கம்பியில் சுமார் 2 சதவீதம் தோரியம் ஆக்சைடு இருக்கிறது. மணவாளக்குறிச்சி கடல் மணலில் கிடைக்கிற அதே தோரியம். கதிரியக்கப் பொருள்தான், ஆனால் கம்பியைக் கையில் பிடிப்பதால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அது விடும் ஆல்ஃபா கதிர் தோலின் மேலிருக்கும் செத்த அடுக்கிலேயே நின்றுவிடும். நுரையீரலுக்குள் அப்படி ஒரு அடுக்கு கிடையாது. அங்கே உட்கார்ந்த துகள் பக்கத்துச் செல்லைத்தான் தாக்கும்.

பெரிய தூசி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வந்துவிடும். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருகிறதே, அதுதான். அதைப் பார்த்து எல்லாம் வெளியேறிவிட்டது என்று நினைக்காதீர்கள். சில மைக்ரான் அளவுத் துகள் காற்றுப்பைகள் வரை இறங்கும். அங்கே சளியை மேலே தள்ளும் மயிரிழைகள் இல்லை. விழுங்கும் செல்கள் வந்து வாரிக்கொள்ளும், ஆனால் தோரியம் ஆக்சைடைக் கரைக்க அவற்றால் முடியாது. ஆண்டுக்கணக்கில் தங்கும், கொஞ்சம் நிணநீர் முடிச்சுகளுக்கு நகரும், ரத்தத்தில் கலக்கும் சொற்பம் எலும்பிலும் கல்லீரலிலும் சேரும். தோரியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 1,400 கோடி ஆண்டு.

1930களில் எக்ஸ்ரே படம் தெளிவாக விழ வேண்டுமென்று இதே ஆக்சைடை 'தோரோட்ராஸ்ட்' என்ற பெயரில் ரத்தத்தில் ஏற்றினார்கள். பல ஆண்டு கழித்துப் பலருக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்தது. அது ஊசியில் போன பெரிய அளவு. பட்டறைத் தூசி அவ்வளவு இல்லை. அதற்காக, கீழே படிந்து கிடப்பதை மூக்குக்கு நேரே கிளப்பிவிடுவானேன்? ஈரத்துணியால் துடையுங்கள். துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். நான் முதலில் வேலை பார்த்த பட்டறையில் தினமும் சாயந்திரம் காற்றடித்துவிட்டு, அந்த மேடையிலேயே டீ கிளாஸை வைப்போம். பெரியவர்கள் ஒருவரும் தடுக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கைக்குட்டை கட்டுவது

நுண்தூசியை நிறுத்தாது. என்95 மாஸ்க் போடுங்கள்.

வெல்லம், பால், வாழைப்பழம்

இவற்றைச் சாப்பிட்டால் உள்ளே போன தூசி வெளியேறிவிடும் என்பார்கள். சாப்பிடுவது வயிற்றுக்குப் போகும். நுரையீரலுக்குப் போகாது.

ஜிஐ பைப்பைத் தேய்க்காமல் பற்றவைப்பது

ராத்திரி குளிர் காய்ச்சல் வரும், ஓரிரு நாளில் விட்டுவிடும். அது பைப்பின் மேல் பூசியிருக்கும் துத்தநாகத்தின் புகை. விட்டுவிடுவதால் பயமும் விட்டுப்போகிறது. இரும்பு வெல்டிங் புகையிலிருக்கும் மாங்கனீசு அப்படியல்ல. நாள்பட மூளையில் சேர்ந்தால் நடையையும் கையெழுத்தையும் கெடுக்கும்.

பழக்கத்துக்காகச் சிவப்பையே வாங்குவது

நீல முனை லாந்தனம் கம்பியில் தோரியம் சேர்ப்பதில்லை. ஸ்டெயின்லெஸ் வேலைக்கு அது நன்றாகவே ஓடுகிறது. பையன் கையில் அன்றைக்கே ஒரு பெட்டி கொடுத்துவிட்டேன். தீட்டும்போது மாஸ்க் அதற்கும் வேண்டும்.