கடலின் நேரத்துக்கு ஒரு நாள்: கடலோர ஊருக்கு நிதானமாகச் சென்றுவரும் முறை

கடலோர ஊருக்கு ஒரு நாள் சென்றுவர விரும்புபவர்கள் பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களைத்தான் முதலில் எழுதிக்கொள்கிறார்கள். பிறகு உச்சி வெயிலில் போய் இறங்கி, மணல் காலைச் சுட, கடல்நீர் ஏறிக் கரை குறுகிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, நிழல் தேடி அலைவதிலேயே பொழுதைக் கழிக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் நேரத்தை வகுப்பது கடல்தான். ஆகவே கடல் ஏறி வற்றும் ஓதம், காற்று, வெயில் ஆகிய மூன்றும் எப்போது எப்படி இருக்கும் என்று முந்தைய நாளே தெரிந்துகொண்டு, மற்றவற்றை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலான கடற்கரைகளில் கடல் ஏறக்குறைய ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆவதால், இன்று காலை 7 மணிக்கு வற்றம் என்றால் நாளை ஏறக்குறைய 7.50க்குத்தான் வற்றம் வரும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் சூரியன், நிலவு ஆகிய இரண்டின் ஈர்ப்பும் ஒரே திசைக்கோட்டில் சேர்வதால் கடல் வழக்கத்தைவிட உயர ஏறி, வழக்கத்தைவிடக் கீழே இறங்கும். அந்த நாட்களில் காலையில் வற்றம் அமையுமானால் அதைவிட நல்ல நாள் கிடைக்காது என்பது என் உறுதியான கருத்து. அலை விலகிய ஈர மணல் காலுக்குக் கெட்டியாக இருக்கும். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் நண்டும் சிப்பியும் சிறு மீனும் தென்படும். ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால், அதன் அடியில் வாழும் உயிர்களுக்காக அதை இருந்தபடியே மெதுவாகத் திருப்பி வைத்துவிட வேண்டும். பாறைகளை நோக்கி நடப்பவர்கள் வற்றத்துக்குச் சற்று முன்னதாகவே கிளம்பி, நீர் மீண்டும் ஏறத் தொடங்கும்போது கரைக்குத் திரும்பிவிடுவது அவசியம்.

குளிப்பதற்கும் காலையே ஏற்றது. ஆனால் இடத்தைத் தேர்வதில் மிகுந்த கவனம் வேண்டும். அலை ஓய்ந்த பிறகு தலை முழுகலாம் என்று காத்திருப்பவனைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. கடலில் அப்படி அலை ஓய்ந்தாற்போல் தெரியும் இடமே சில வேளைகளில் பெரிய ஆபத்தாகிறது. இருபுறமும் அலைகள் உடைந்து நுரைக்க, நடுவில் மட்டும் நுரையின்றிக் கருத்த நீர் தெரிந்தால், கரைக்கு வந்த தண்ணீர் அவ்வழியாகக் கடலுக்குள் திரும்பிக்கொண்டிருக்கலாம். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் விரைவில் களைத்துப்போவார். பதறாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்த முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகி, அதன் பிறகே கரை திரும்ப வேண்டும். உயிர்காப்பாளர் இருக்கும் கரையில், அவர்கள் குறித்திருக்கும் எல்லைக்குள் மட்டும் இறங்குவதே சரி.

காலை 10 மணிக்கு மேல் கடலை விட்டு ஊருக்குள் போய்விடுங்கள். கடற்கரையில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. உலர்ந்த மணல் புற ஊதாக் கதிர்களில் சுமார் 15 சதவீதத்தையும், கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புவதால், குடைக்குள் இருந்தாலும் தோல் கருகும். தொப்பி, தண்ணீர், மாற்றுத் துணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசிக்கொள்ளச் சன்ஸ்கிரீன் ஆகியவை கையில் இருந்தால் போதும்.

நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால், மேலெழும் காற்றின் இடத்தை நிரப்பக் கடற்காற்று நண்பகலை ஒட்டி உள்ளே வரத் தொடங்கி, பிற்பகலில் வலுக்கிறது. மணலில் அமர்ந்திருப்பவரின் கண்ணில் துகளை வாரி இறைக்கும் அதே காற்று, ஊரின் தெருக்களில் நடப்பவருக்குப் பெரும் சுகமாகிறது. கடலை நோக்கி நேராக ஓடும் பழைய தெருக்களைத் தேர்ந்து, அவசரமின்றி நடக்கலாம். துறைமுகம், பழைய கட்டடம், அருங்காட்சியகம் என்று எத்தனை இருந்தாலும் இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாவது இடம் சேர்ந்ததும் கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கம் திரும்பிவிடுகிறது.

வெயில் தணிந்ததும் மீண்டும் கரைக்கு வாருங்கள். திரும்பும் பேருந்து அல்லது ரயிலில் கடைசியை நம்பாமல் அதற்கு முந்தையதை முடிவு செய்துகொண்டால், ஒன்று தவறினாலும் இன்னொன்று இருக்கிறது என்ற தெம்பில் இருட்டும்வரை மனம் நிம்மதியாக அமரும். அவ்வூரில் கலங்கரை விளக்கம் இருக்குமானால் அது எரியத் தொடங்கும்வரை காத்திருங்கள். எந்தக் கலங்கரை விளக்கம் என்று கப்பலில் வருபவர்கள் அடையாளம் காண்பதற்காக ஒவ்வொன்றுக்கும் தனித்த ஒளிமுறை வகுக்கப்பட்டிருக்கிறது. ஓர் ஒளிவீச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை நொடி என்று குழந்தைகளோடு சேர்ந்து எண்ணிப் பார்த்துவிட்டு, மணலைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கலாம்.