ஐ.வி.எஃப்.புக்கு ஊருக்குப் போகிறீர்களா? ஆன்லைன் ஏற்பாட்டாளரிடம் அட்வான்ஸ் கட்டுமுன்

லண்டனுக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருக்காது. ஊரிலிருந்து போன் வரும்போதெல்லாம் "ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். கல்யாணமாகி நாலைந்து வருஷம் ஆன தம்பதிக்கு அந்தக் கேள்வி எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் என் மனைவியும் பட்டிருக்கிறோம்.

விசாவுக்கு ஆளுக்கு வருஷம் 1,035 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ் கட்டியாயிற்று, என்.ஹெச்.எஸ்.ஸிலேயே (இங்குள்ள அரசு மருத்துவச் சேவை) ஐ.வி.எஃப். (கருமுட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்து, உருவான கருவைக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) செய்துகொள்ளலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் 2017 ஆகஸ்டிலிருந்து அது சர்சார்ஜில் சேராது. நிரந்தர வசிப்புரிமை கிடைத்த பிறகுதான் கேட்கவே முடியும், அதுவும் ஏரியாவுக்கு ஏரியா விதி மாறும். ஆனாலும் முதலில் உங்கள் ஏரியா குடும்ப டாக்டரான ஜி.பி.யைப் பாருங்கள். ரத்தப் பரிசோதனை, விந்தணுப் பரிசோதனை இங்கேயே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். பிரச்சினை என்னவென்றே தெரியாமல் சென்னைக்கு டிக்கெட் போடாதீர்கள்.

அடுத்து எல்லோரும் போவது ஆன்லைனுக்கு. சிகிச்சைக்கு ஏற்பாடு செய்து தரும் தளத்தில் படிவத்தை நிரப்பிய ஐந்தாவது நிமிடம் வாட்ஸ்அப்பில் ஒரு ஏற்பாட்டாளர் வருவார். கிளினிக், டாக்டரோடு வீடியோ கால், தங்குமிடம், ஏர்போர்ட் பிக்அப் எல்லாம் நாங்களே, உங்களுக்குக் கட்டணமே இல்லை என்பார். அப்படியானால் அவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? நேராகக் கேட்டுவிடுங்கள். நோயாளியை அனுப்பிவைப்பதற்கு டாக்டர்கள் கமிஷன் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்று இந்திய மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகள் சொல்கின்றன. எந்தக் கிளினிக்கோடு என்ன ஒப்பந்தம் என்று எழுத்தில் தராதவரை நம்பாதீர்கள்.

ஏற்பாட்டாளரிடமிருந்து எங்களுக்கு வந்த பி.டி.எஃப்.பில் 'முழு பேக்கேஜ்' என்று ஒரே தொகைதான் இருந்தது. அட்வான்ஸ் கட்டிய பிறகு மனைவி நேரடியாகக் கிளினிக்குக்கு மெயில் போட்டு வரிவரியாக விலை கேட்டாள். கருமுட்டை வளர்க்கும் ஊசிகள், மயக்க மருந்து, மிஞ்சும் கருவை உறைய வைப்பது, அதன் வருஷ வாடகை எதுவுமே அந்தத் தொகையில் இல்லை. ஊசிச் செலவே எங்கள் கணக்கை உடைத்துவிட்டது. அட்வான்ஸும் திரும்பவில்லை. அந்த மெயிலை நீங்கள் முன்னாடியே போட்டுவிடுங்கள்.

'வெற்றி 70 சதவீதம்' என்று போட்டிருந்தால், எதை வெற்றி என்கிறார்கள் என்று கேளுங்கள். கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவ் ஆவது வேறு, குழந்தை கையில் வருவது வேறு. உங்கள் மனைவியின் வயதில் உள்ளவர்களுக்கு, வைத்த கரு ஒவ்வொன்றுக்கும் எத்தனை குழந்தை பிறந்தது என்பதுதான் எண்ணிக்கை. இங்கே கருத்தரிப்பு கிளினிக்குகளைக் கண்காணிக்கும் ஹெச்.எஃப்.இ.ஏ. அமைப்பு கிளினிக் வாரியாக அதை வெளியிடுகிறது; படித்தால் எப்படிக் கேட்பது என்று பிடிபடும்.

இந்தியாவின் 2021 செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி அங்குள்ள கிளினிக் ஒவ்வொன்றும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 என்று வயது வரம்பும் உண்டு. பையனா பெண்ணா என்று பார்த்துத் தருகிறோம் என்று யாராவது ஜாடையாகச் சொன்னால்கூட அந்த நிமிடமே பேச்சை நிறுத்துங்கள். அது குற்றம்.

பணம் கட்டும் விதத்தில் கவனம் தேவை. விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை இருந்து, இங்குள்ள கிரெடிட் கார்டில் கட்டினால், பிரிட்டனின் நுகர்வோர் கடன் சட்டத்தின் செக்‌ஷன் 75 படி கார்டு கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் பணம் நடுவில் உள்ளவர் கைக்குப் போய்ப் பிறகு கிளினிக்குக்குப் போனால் அந்தப் பாதுகாப்பு அறுந்துபோகலாம். கிளினிக்குக்கே நேரடியாகக் கட்டுங்கள். பேங்க் டிரான்ஸ்ஃபர் மட்டும்தான் என்றால் வேண்டாம்.

லீவு தாராளமாகப் போடுங்கள். கருமுட்டை எடுத்த பிறகு சிலருக்கு வயிறு உப்பி மூச்சு வாங்கும்; அது ஆபத்து, அந்த நிலையில் விமானம் ஏறக்கூடாது. அப்படி ஆனால் டிக்கெட்டைத் தள்ளிப்போடும் செலவு யாருடையது என்பதையும் முன்னமே கேளுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று கரு வைக்கச் சம்மதிக்காதீர்கள். இரட்டைக் கர்ப்பம் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்தைக் கூட்டும்.

கர்ப்பம் உறுதியானால் பிரசவம் வரையிலான கவனிப்பு சர்சார்ஜுக்குள் வரும். எத்தனை கரு, எந்தத் தேதியில் வைத்தார்கள், என்ன மருந்து ஓடுகிறது என்று டாக்டர் கையெழுத்தோடு ஒரு தாள் வாங்கி ஹேண்ட் லக்கேஜில் வையுங்கள். இங்கே மிட்வைஃப் (பிரசவ நர்ஸ்) கேட்டால் காட்டலாம்.