லினக்ஸ் போட்ட லேப்டாப் பூட் ஆகவில்லையா? எந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள்

லினக்ஸ் போடப் போய் மாட்டிக்கொண்டவர்கள் என் சர்வீஸ் கடைக்கு வந்ததும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, பூட் ஆகல." நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "ஸ்கிரீன்ல கடைசியா என்ன இருந்துச்சு தம்பி?" பல பேருக்குப் பதில் தெரியாது. போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

பவர் பட்டனை அழுத்தியதும் வேலை நான்கு கை மாறுகிறது. மதர்போர்டில் இருக்கும் யூஈஎஃப்ஐ (பேச்சில் நாம் பயாஸ் என்பதும் இதைத்தான்) முதலில் விழித்து, டிஸ்கில் ஃபேட்32-ஆக இருக்கும் சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷனில், ஓஎஸ்ஸைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரைத் தேடும். உபுண்டு, மின்ட், டெபியன் என்ற லினக்ஸ் வகைகள் மூன்றிலும் அது வழக்கமாக கிரப். கிரப், லினக்ஸின் மையமான கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற தற்காலிக ஃபைல் தொகுப்பையும் மெமரிக்கு ஏற்றும். கெர்னல், லினக்ஸ் இருக்கும் ரூட் பார்ட்டிஷனைப் பிடித்து, மற்ற சர்வீஸ்களைத் தொடங்கும் சிஸ்டம்டி-யிடம் ஒப்படைக்கும். டெஸ்க்டாப் வரை கொண்டுபோவது அதன் பொறுப்பு. எந்தக் கையில் நின்றதோ, பெரும்பாலும் கோளாறு அங்கேதான். கிரப் மெனு கண்ணுக்குத் தெரிந்துவிட்ட மெஷினில் மறுபடி பயாஸுக்குள் போய் எல்லாவற்றையும் மாற்றிப் பார்ப்பது வெட்டி வேலை.

பென்டிரைவே பூட் ஆகவில்லை என்றால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். இறக்கிய லினக்ஸ் இன்ஸ்டால் ஃபைலை, அதாவது ஐஎஸ்ஓவை, அப்படியே காப்பி பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது. ரூஃபஸ், எட்சர், வென்டாய் மாதிரி ஏதாவது ஒன்றால்தான் எழுத வேண்டும். மொபைல் டேட்டாவில் விட்டு விட்டு இறக்கிய ஐஎஸ்ஓ என்றால் ஃபைல் முழுதாக இறங்கியதா என்று காட்டும் ஷா256 எண்ணைச் சரிபார்க்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள். பூட் மெனுவுக்கு டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9. பல ஏசர் மாடல்களில் எஃப்12 அழுத்தி அழுத்தி விரல் தேய்ந்தாலும் ஒன்றும் வராது. எஃப்2 வழியாக பயாஸுக்குள் போய் 'எஃப்12 பூட் மெனு' என்பதை எனேபிள் செய்த பிறகுதான் வேலை செய்யும்.

பென்டிரைவ் பூட் ஆகிறது, ஆனால் இன்ஸ்டாலரில் டிஸ்கே தெரியவில்லையா? இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் வந்த லேப்டாப்களில் இது அடிக்கடி வரும். விஎம்டி அல்லது ஆர்எஸ்டி என்ற இன்டெலின் ஸ்டோரேஜ் செட்டிங் ஆனில் இருக்கும். அதை அணைத்து ஏஎச்சிஐ என்ற பொதுவான டிஸ்க் முறைக்கு மாற்ற வேண்டும். ஏசரில் அந்த வரியே ஒளிந்திருக்கும். பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல்+எஸ் அழுத்தினால் வெளியே வரும். விண்டோஸும் வேண்டும் என்பவர்கள் சும்மா மாற்றிவிடாதீர்கள், நீலத் திரை வந்து நிற்கும். விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து சேஃப் பூட்டை டிக் செய்து, ரீஸ்டார்ட்டில் பயாஸை மாற்றி, ஒரு தடவை சேஃப் மோடில் விண்டோஸை எழுப்பி, டிக்கை எடுத்துவிடுங்கள். இதற்கெல்லாம் முன்னால், டிஸ்கை என்கிரிப்ட் செய்யும் விண்டோஸின் பிட்லாக்கர் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 48 இலக்க ரெகவரி கீ கையில் இல்லாமல் பயாஸைத் தொடவே கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. கீ இல்லாமல் வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அடுத்தது செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையெழுத்து உள்ள பூட்லோடரை மட்டும் ஓட விடும் பயாஸ் செட்டிங். இதை அணைத்தால்தான் லினக்ஸ் வரும் என்பது பழைய பேச்சு. உபுண்டு, ஃபெடோரா, 2019-இல் வந்த டெபியன் 10 முதலான பதிப்புகள் எல்லாம் மைக்ரோசாஃப்ட் கையெழுத்துப் பெற்ற ஷிம் என்ற குட்டி பூட்லோடர் வழியாகப் பிரச்சினை இல்லாமல் பூட் ஆகும். ஆனால் இரண்டு இடத்தில் இடறும். ஒன்று, பழைய ஐஎஸ்ஓ. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் பழைய ஷிம்களைத் தடைசெய்தது; அதனால் டூயல் பூட் மெஷின்கள் பல 'எஸ்பேட் செல்ஃப்-செக் ஃபெயில்ட்' என்று காட்டிவிட்டு அணைந்துபோயின. அந்த வரியைப் பார்த்தால் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து லினக்ஸை எழுப்பி முழுதாக அப்டேட் செய்யுங்கள், அல்லது புது ஐஎஸ்ஓ எடுங்கள்.

இரண்டாவது இடறல், இன்ஸ்டால் செய்யும்போது என்விடியா அல்லது வைஃபை டிரைவருக்கான பெட்டியை டிக் செய்தால் கேட்கிற பாஸ்வேர்டு. எதையோ அடித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். முதல் ரீஸ்டார்ட்டில் நீல நிறத்தில் 'மோக் மேனேஜ்மென்ட்' திரை வரும் (மோக் என்பது அந்த டிரைவரை செக்யூர் பூட் நம்புவதற்கான சாவி). பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு கீயை அழுத்தாவிட்டால் அது தானாக விலகிவிடும். டிரைவர் ஏறாது, "வைஃபை வரல" என்று போன் வரும். அந்தத் திரையில் 'என்ரோல் மோக்', பிறகு 'கன்டினியூ', 'யெஸ்', பிறகு அதே பாஸ்வேர்டு. அடிக்கும்போது எழுத்து எதுவும் தெரியாது. கீபோர்டு வேலை செய்யவில்லை என்று நினைத்துப் பவரை அமுக்கிவிடாதீர்கள். தவறவிட்டால் மோக்யூட்டில் கமாண்டால் சாவியை மறுபடி பதிவுக்குக் கொடுத்தால் அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை திரும்ப வரும்.

இன்ஸ்டால் முடிந்தும் நேராக விண்டோஸ்தான் வருகிறதா? பயாஸின் பூட் ஆர்டரில் 'உபுண்டு' என்ற பெயரை மேலே ஏற்றுங்கள். அந்தப் பெயரே அங்கே இல்லை என்றால், பென்டிரைவ் லெகசி முறையில், அதாவது யூஈஎஃப்ஐக்கு முந்தைய பழைய பயாஸ் முறையில், பூட் ஆகியிருக்கலாம். பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் டெஸ்க்டாப்பில் ரூட் ஃபோல்டர் போய், 'சிஸ்', அதற்குள் 'ஃபர்ம்வேர்', அதற்குள் 'இஎஃப்ஐ' என்ற ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் லெகசிதான். விண்டோஸ் யூஈஎஃப்ஐயிலும் லினக்ஸ் லெகசியிலும் இருந்தால் ஒரே மெனுவில் இரண்டும் வராது. பயாஸில் லெகசி முறையை அனுமதிக்கும் சிஎஸ்எம்-ஐ அணைத்துவிட்டு லினக்ஸை மறுபடி போடுவதே குறுக்கு வழி.

கறுப்புத் திரையில் வெறும் 'கிரப்>' என்று நிற்பது பெரும்பாலும் விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்டில் "இது எதுக்கு" என்று லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தவர்களுக்கு வரும். பூட்லோடர் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் உட்கார்ந்திருக்கும், அதன் மெனு ஃபைல் போயிருக்கும். அங்கே 'எக்ஸிட்' என்று அடித்தால் பல மெஷின்களில் அடுத்த வரிசையில் இருக்கும் விண்டோஸ் எழுந்துவிடும். பழைய லெகசி மெஷினில் இதுவே 'கிரப் ரெஸ்க்யூ>' என்று வரும். லினக்ஸ் பார்ட்டிஷன் பத்திரமாக இருந்தால் லைவ் பென்டிரைவில் பூட்-ரிப்பேர் என்ற டூலை ஓட்டினால் போதும்.

கிரப் மெனு வருகிறது, உபுண்டுவைத் தேர்ந்தெடுத்ததும் திரை கறுத்துவிடுகிறது என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர்தான், குறிப்பாக என்விடியா. மெனுவில் அந்த வரி மேல் நின்று 'இ' எழுத்தை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசியில் 'கொயட் ஸ்பிளாஷ்' இருக்கும். அதற்குப் பின் ஓர் இடைவெளி விட்டு நோ, மோட், செட் மூன்றையும் ஒட்டி ஒரே சொல்லாகச் சிறிய எழுத்தில் அடித்து எஃப்10. இது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும். உள்ளே போனதும் சரியான டிரைவரைப் போட்டுவிடுங்கள். இதையே நிரந்தரமாக வைத்து ஓட்டினால் லேப்டாப் ஆமை மாதிரி நகரும்.

'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற பிராம்ப்டில் நின்றால் மேலே உள்ள வரிகளைப் படியுங்கள். 'மேனுவல் எஃப்எஸ்சிகே' தேவை என்று பார்ட்டிஷன் பெயரோடு சொல்லியிருந்தால், பார்ட்டிஷன் பிழைகளைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே கமாண்டோடு அந்தப் பெயரைக் கொடுத்து ஓட்டி, 'எக்ஸிட்' அடித்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். மறுபடி மறுபடி வந்தால் டிஸ்க் போகப் போகிறது. டேட்டாவை எடுத்து வையுங்கள். 'ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்' என்று 90 விநாடி எண்ணிவிட்டுப் போகிறதென்றால், பூட்டில் ஏற்ற வேண்டிய பார்ட்டிஷன்களின் பட்டியலான எஃப்எஸ்டேப் ஃபைலில், இப்போது இல்லாத ஸ்வாப் பார்ட்டிஷனின் அடையாள எண் (யூயூஐடி) கிடக்கும். அந்த வரியின் முன்னால் # போட்டால் சரி.

லினக்ஸ் நன்றாக வருகிறது, மெனுவில் விண்டோஸைக் காணோம் என்பவர்கள் பதற வேண்டாம். 2021-இல் வந்த கிரப் 2.06 முதல் மற்ற ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே அணைந்திருக்கும். கிரப்பின் டிஃபால்ட் செட்டிங் ஃபைலில் 'டிசேபிள் ஓஎஸ் ப்ரோபர்' வரியின் மதிப்பை 'ஃபால்ஸ்' ஆக்கி, முன்னால் # இருந்தால் எடுத்துவிட்டு, அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். அதன்பின் விண்டோஸில் மணி ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டினால் பேட்டரியை மாற்றச் சொல்லி யாராவது காசு கேட்பார்கள், கொடுக்காதீர்கள். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கமாண்ட் மூலம் லோக்கல் ஆர்டிசியை (அந்தக் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கும் செட்டிங்) ஆன் செய்துவிட்டால் இரண்டும் ஒரே மணி காட்டும்.