சியாங் மாயில் வீடு பார்க்கிறீர்களா? மீட்டரைக் கேளுங்கள்

தாய்லாந்தின் சியாங் மாயில் வாடகையைப் பேரம் பேசிக் குறைப்பவர்கள் பலர் மின்சாரத்தில் கோட்டை விடுகிறார்கள். மின்வாரியக் கட்டணம் யூனிட்டுக்குச் சுமார் 4 பாட். பல அடுக்குமாடிகளில் உரிமையாளர் கேட்பதோ 7, 8 பாட். இரவெல்லாம் ஏசி ஓடினால் மாதம் 180 யூனிட் சாதாரணம்; வித்தியாசமே 540 முதல் 720 பாட் வரை வரும். அதனால் மின்வாரிய பில் நேரடியாக உங்களிடம் வருமா என்று முதலிலேயே கேளுங்கள். வராது என்றால் யூனிட் விலையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். குடியேறும் அன்றே மீட்டரைப் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல், காட்டுத் தீயின் புகை ஊரை மூடும். ஜன்னல் திறக்க வழியில்லை, ஏசிதான் கதி. அந்த மாதங்களில் தெற்கே போய்விடுபவர்கள் ஓராண்டு ஒப்பந்தம் போடுவது வீண்.